அப்பாவின் ம்க்கும்

எங்கள் அக்காவுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. சாப்பிடுவது நின்றுகொண்டு, போன் பேசுவது நடந்துகொண்டு, டீ குடிப்பது பாதி. மீதி டீ வீட்டின் ஏதாவது ஒரு மூலையில் ஆறிக் கிடக்கும். குளியலறை அலமாரியில்கூட ஒருமுறை கண்டெடுத்திருக்கிறேன். வேலையும் அதற்கேற்ற வேலைதான்: லிஃப்ட் மெக்கானிக். ஊரெல்லாம் சுற்றி, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பாள். எடுத்துவிட்டுத் தான் மட்டும் படிக்கட்டில் இறங்கிப் போவாள். "லிஃப்டுக்கு யாரு நின்னுக்கிட்டு இருக்கறது?" என்பாள். பழுது பார்த்த ஆளே லிஃப்டில் ஏறாமல் போவதைப் பார்த்து அந்தக் கட்டடத்துக்காரர்கள் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

நான் அதற்கு நேர் எதிர். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்த இடத்தில் லென்ஸ் தேய்க்கிறவன். எனக்கு அவளைப் பார்த்தாலே மூச்சு வாங்கும். வீட்டுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள், பதிலைக் கேட்காமல் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். பேச்சும் பெரும்பாலும் லிஃப்டைப் பற்றித்தான்.

"லிஃப்ட் லேட்டா வர்றது பெரிய விஷயமே இல்லடா" என்றாள் ஒருநாள், என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டே. "பட்டன அமுக்கினா அதுல லைட் எரியணும். எரிஞ்சா மனுஷன் நிப்பான். எரியலன்னா, கன்னாபின்னான்னு திட்டிட்டுப் படியேறிடுவான். இத்துனூண்டு பல்பு போயிடுச்சுன்னு ஒரு கட்டடமே என்னத் திட்டுது."

அதை நான் காதில் வாங்கவில்லை. அவள் சொல்வதையெல்லாம் காதில் வாங்கினால் வேறு எதற்கும் இடமிருக்காது.

எங்கள் அப்பா பழமண்டியில் ஏலக்காரர். மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று ஒருமுறை கனைப்பார். "ம்க்கும்." அவ்வளவுதான். வியாபாரிகள், மூட்டை தூக்குகிறவர்கள், லாரிக்காரர்கள், நடுவில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் கப்சிப். அப்புறம் அவர் வாயிலிருந்து விலை கொட்டும். யாராவது கிண்டல் செய்தால், அவன் வாயை மூடுவதற்குள் பதில் போய் விழுந்திருக்கும்.

வீட்டிலும் அதே கதைதான். அம்மா பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டாள். நடுவில் "ம்க்கும்" என்று கேட்கும். அம்மா திரும்பி, "என்ன?" என்பாள். அந்த இடைவெளியில் அப்பா ஒரு வரியைத் தூக்கிப் போடுவார். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் அக்காவும் வளர்ந்ததே இந்தச் சத்தத்தில்தான். எங்கள் வீட்டுக்கு டிவி வெகு தாமதமாக வந்ததற்கு இதுதான் காரணம் என்று அக்கா சொல்வாள்.

அப்பாவின் குரல்வளையில் கட்டி வந்தது. அதை எடுக்கும்போது குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். கழுத்தில் ஒரு துளை, அது வழியாக மூச்சு, அதன் மேல் ஒரு மெல்லிய துணி. கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். வண்டு போல ரீங்காரமிட்ட அந்தக் குரலைக் கேட்டதும் அப்பா அதைப் பெட்டியிலேயே போட்டு மூடிவிட்டார்.

அக்கா தன் ஆபீசில் கழித்துப்போட்ட குட்டி லேப்டாப் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டினாள். அடித்துவிட்டு என்டரைத் தட்டினால் அது வாய்விட்டுப் படிக்கும். அப்பாவும் இரண்டு விரலால் அடிக்கப் பழகிவிட்டார். ஆனால் அந்த லேப்டாப் மகா சோம்பேறி. ஒரு வரியைக் கொடுத்தால் உள்ளே விசிறி இரையும், திரையில் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், நாம் மறந்துபோன பிறகுதான் வாயைத் திறக்கும்.

மண்டியில் அப்பாவோடு எடை போட்டவர் ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் அவருக்குத் தராசுக்காரர் என்றே பெயர். ஒருநாள் அப்பாவைப் பார்க்க வந்தார்.

"அண்ணே, அந்தப் பழைய ஸ்கூட்டரை வித்துட்டீங்களா?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மளமளவென்று அடித்து என்டரைத் தட்டினார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. தராசுக்காரர் கொஞ்ச நேரம் லேப்டாப்பையே பார்த்தார். சும்மா இருக்கச் சங்கடமாக இருந்தது போல, தன் வீட்டுக் கதைக்குப் போய்விட்டார்.

"எங்க மாமியார் தவறிட்டாங்கண்ணே. ரொம்ப நாளா படுத்த படுக்கை. என்னைப் பெத்த புள்ளை மாதிரி பாத்தவங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து லேப்டாப் கணீரென்று பேசியது. "நல்ல விலைக்குப் போச்சு. வீட்டை அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு, தொல்லை விட்டுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. தராசுக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அது ஸ்கூட்டரைப் பற்றியது என்று நான் வாசல்வரை ஓடிப்போய் விளக்கினேன். "தெரியும்பா, தெரியும்பா" என்றார். அந்தப் பரிதாபத்தை அப்பாவும் கேட்டுவிட்டார். குரல் இருந்த காலத்தில் அதே வரியைச் சொல்லியிருந்தால் அழுதுகொண்டிருந்தவரையே சிரிக்க வைத்திருப்பார். லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

மூடியவர் திறக்கவில்லை. ஒரு சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டார். அதில் "தண்ணி" என்று எழுதுவார், "ஜன்னல்" என்று எழுதுவார், பெரும்பாலும் "சரி" என்று எழுதுவார். எங்கள் அப்பா வாழ்நாளில் எதற்கும் சரி என்று சொன்னவரில்லை.

இதைவிடக் கொடுமை, அம்மா மரியாதைக்காரியாக மாறிப்போனது. "டீ வச்சிருக்கேங்க. சூடா இருக்கு, பாத்துக் குடிங்க" என்று விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசினாள். அப்பா முகத்தில் ஒரு மாறுதலும் காட்டாமல் குடித்துவிட்டு டம்ளரை வைப்பார். வீட்டில் ஈ பறந்தால் கேட்டது. அப்பாவோடு ஏன் சண்டையே போடுவதில்லை என்று சமையலறையில் நான் அம்மாவிடம் கேட்டே விட்டேன். "பதில் சொல்ல முடியாத மனுஷன்கிட்ட என்னத்தடா சண்டை போடறது? ஜெயிச்சா நல்லாவா இருக்கு?" என்றாள்.

அக்கா கங்கணம் கட்டிக்கொண்டாள். அந்த லேப்டாப் மூடியை அப்பா தன் கையால் திறக்க வேண்டும். அதற்கு லேப்டாப் சட்டென்று பேச வேண்டும். பழைய லேப்டாப்பை ஓட்டுகிற விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் சுறுசுறுப்பாகிவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தாள். லினக்ஸ் என்பது ஒன்றல்லவாம். ஊர்ப்பட்ட வகை. எதையும் பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் செருகி ஓட்டிப் பார்க்கலாம். வாடகைக்கு வீடு பார்க்கிற மாதிரி, பிடித்தால் குடியேறலாம், இல்லையென்றால் அடுத்த வீடு.

அவள் கையில் இப்படி ஒரு விஷயம் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? நின்றுகொண்டே நோண்டுவதற்குத் தோதாக லேப்டாப்பை ஃபிரிட்ஜின் மேல் ஏற்றிவிட்டாள். முதலில் போட்டது வேகத்தில் பறந்தது, ஆனால் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகக் காட்டியது. அடுத்ததில் எழுத்து அழகாக வந்தது, சத்தம்தான் வரவில்லை. "இதுவும் அப்பா மாதிரியே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்னொன்று பேசியது, ஆனால் புள்ளியையெல்லாம் முழுங்கிவிட்டு "அமமா" என்று கூப்பிட்டது. "யாருடி அது, ஆட்டுக்குட்டி மாதிரி?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

அப்புறம் ஒன்று நன்றாகவே அமைந்தது. எழுத்தும் சரி, பேச்சும் சரி, வேகமும் சரி. நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். மறுநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகியிருந்தாள்.

"நேத்து இருந்தது நல்லாத்தானே இருந்துச்சு?" என்றேன்.

"இது இன்னும் லேசுடா. இன்னும் வேகம்."

"உனக்கு அப்பா பேசணுமா, இல்ல நீ நோண்டிக்கிட்டே இருக்கணுமா?"

கேட்ட பிறகுதான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்று தெரிந்தது. அக்கா பென்டிரைவைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அது மறுபடி லேட்டாப் பேசி யாராவது அவரைப் பாவமாப் பாத்தாங்கன்னு வையி, அதோட மூடிடுவாருடா. இன்னொரு தடவை திறக்கவே மாட்டார். அவரை உனக்குத் தெரியாதா? கிடைக்கப்போறது ஒரே ஒரு வாய்ப்பு" என்றாள்.



சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அவளே ஒரு யோசனை செய்தாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்த மதியம், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டாள். "இன்னைக்கு நான் பேசமாட்டேன். இதுதான் பேசும்" என்று அறிவித்தாள். அக்கா வாய் பேசாமல் ஒரு சாப்பாடு என்பதே அம்மாவுக்கும் எனக்கும் வேடிக்கையாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று அம்மா கேட்டாள். அக்கா "வேண்டாம்" என்று அடித்து முடிப்பதற்குள் தட்டு நிறைந்துவிட்டது. அறிவாளி மாதிரி தெரிகிற கண்ணாடி வேண்டும் என்று கடையில் ஒருவர் கேட்டதை நான் சொன்னேன். அக்கா பரபரவென்று ஏதோ அடித்தாள். அதற்குள் அம்மா குழாய் ஒழுகுவதைச் சொல்ல, நான் குழாய்க்குப் போய்விட்டேன். "உனக்கு ஒண்ணு வாங்கிக்கோ" என்றது லேப்டாப். "குழாயா?" என்று கேட்டாள் அம்மா.

அக்கா கையை மேசையில் அடித்தாள்.

"மனுஷங்களா நீங்க? என்டர் தட்டினா உடனே பேசுது. அடிக்கற நேரத்துக்குக்கூட நிக்கமாட்டீங்களா?"

"நீ யாருக்காவது நின்னிருக்கியா?" என்றேன்.

அவள் தட்டைக் கழுவிவிட்டு வெளியே போய் வெகுநேரம் தெருவில் நடந்துகொண்டிருந்தாள். இத்தனை லினக்ஸ் மாற்றியும் பிரயோஜனமில்லை, மாற்றவேண்டியது எங்களை என்று எனக்கும் உறைத்தது. எங்களுக்கு எந்தப் பென்டிரைவைச் செருகுவது?

ஆனாலும் விட்டுவிட அவளால் முடியாது. இருப்பதில் நல்லதையே நிரந்தரமாகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். அப்பாவை இழுக்க ஒரு தூண்டிலும் போட்டாள். லேப்டாப்பை அவர் மடியில் வைத்து, "பாஸ்வேர்டு ஒண்ணு கேக்குதுப்பா. நான் வச்சா மறந்துடுவேன். நீங்களே வைங்க. நான் பாக்கல" என்று சொல்லித் திரும்பி நின்றுகொண்டாள். அப்பா திரையைப் பார்த்தார், அவள் முதுகைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் இரண்டு விரலால் ஏதோ அடித்தார். மறுபடியும் அடிக்கச் சொன்னது, அடித்தார். எழுத்துக்குப் பதில் கரும்புள்ளிகள்தான் தெரிந்தன.

எல்லாம் ஏறி முடிந்தது. லேப்டாப் அணைந்து எழுந்து, பாஸ்வேர்டு கேட்டது. அப்பா அடித்தார். தவறு என்றது. மறுபடி அடித்தார். தவறு. அக்கா குனிந்து உற்றுப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா தமிழில் பாஸ்வேர்டு வைத்திருக்கிறார். வைக்கும்போது வாங்கிக்கொண்ட லேப்டாப்புக்கு, வாசலில் நின்று கேட்கும்போது இங்கிலீஷ் மட்டும்தான் தெரிந்தது. வீட்டைத் தமிழில் பூட்டிவிட்டு இங்கிலீஷ் சாவியோடு வெளியே நிற்கிறோம்.

அப்பாவின் தோள்கள் குலுங்கின. முதலில் இருமுகிறார் என்று நினைத்துப் பதறிவிட்டேன். கழுத்துத் துணி படபடவென்று துடித்தது. மனிதர் சிரிக்கிறார்!

"சிரிப்பு வேறயா?" என்றாள் அக்கா. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப எல்லாத்தையும் முதல்லேர்ந்து போடணும். அப்படி என்னதான் வார்த்தை வச்சீங்க?"

அப்பா சிலேட்டை எடுத்தார். எழுதித் திருப்பிக் காட்டினார்.

ம்க்கும்.

அக்கா அதைப் படித்தாள். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். முழுதாக, இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டேய்" என்றாள் என்னைப் பார்த்து. "பட்டன் லைட்டுடா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அதற்குள் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தாள். "லேட்டா வர்றது பெரிய விஷயமே இல்ல. வருதுன்னு தெரியணும். அமுக்கினதும் லைட் எரியணும். அப்பாவுக்கு அந்தக் கனைப்புதான் லைட்டு. அது கேட்டா ஊரே நிக்கும். நாம அவருக்கு வாய் குடுத்தோம், கனைப்பு குடுக்கலடா!"

கீபோர்டின் இடது ஓரத்தில் கேப்ஸ் லாக் என்று ஒரு பெரிய விசை இருக்கிறது. இங்கிலீஷ் எழுத்தைப் பெரிதாக்குவதற்கு. தமிழில் பெரிய எழுத்து ஏது, சின்ன எழுத்து ஏது? அப்பாவைப் பொறுத்தவரை அந்த விசை வெறும் தண்டம். அதை ஒரு தட்டுத் தட்டினால் கனைப்புச் சத்தம் வருகிற மாதிரி லினக்ஸில் மாற்றிவிடலாம் என்று அக்கா கண்டுபிடித்தாள். ஆனால் சத்தத்துக்கு எங்கே போவது? லேப்டாப்பிடம் எழுதிக் கொடுத்தால் "மிக்கும்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை போலப் படித்தது.

"உனக்கு அப்பா தொண்டைதான். நீ கனை" என்றாள்.

வீட்டில் செய்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். தெருவில் இரைச்சல். கடைசியில் அவள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு கட்டடத்துக்கு என்னை வரச்சொல்லி, லிஃப்டுக்குள் ஏற்றி, இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிறுத்தினாள். லிஃப்டுக்குள் அவளை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போனை என் வாய்க்கு நேராக நீட்டினாள். நான் கனைத்தேன்.

"இது சளி" என்றாள். "அப்பாவோடது சளி இல்ல. ஒண்ணு சொல்லப்போறேன், எல்லாரும் கேளுங்கன்னு அர்த்தம் வரணும்."

மறுபடி கனைத்தேன்.

"இது கடன் கேக்க வந்தவன் மாதிரி இருக்கு."

தொண்டை வறண்டுவிட்டது. வெளியே யாரோ கதவைத் தட்டி, "லிஃப்ட் வருமா வராதா?" என்று கத்தினார்கள். "லைட் எரியுதுல்ல? நில்லுங்க!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"எதையாவது சொல்லணும்னு நெனச்சுக்கிட்டுக் கனைடா."

வியர்த்து, முடி கலைந்து, மதியச் சாப்பாடு இல்லாமல் போனை நீட்டியபடி நிற்கிற அவளைப் பார்த்தேன். ஒருநாளாவது உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டால் என்ன கேடு என்று கேட்கத் தோன்றியது. கேட்பதற்காகக் கனைத்தேன்.

"அதான்!" என்றாள். போனில் அதைத் திரும்பப் போட்டாள். அப்பா லிஃப்டுக்குள் எங்களோடு நின்றதுபோல இருந்தது.  கேட்க வந்ததை நான் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டு, பாஸ்வேர்டே கேட்காதபடி செய்து, லேப்டாப்பை மூடியபடியே அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். "இடது ஓரத்துல இருக்கற பெரிய பட்டன், அது உங்களுக்குத்தான்" என்று மட்டும் சொன்னாள். அப்பா தொடவில்லை. அக்கா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள், ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள். 

அம்மா டீ கொண்டுவந்தாள். "குடிங்க, சூடா இருக்கு" என்று அப்பாவிடம் பதமாகச் சொல்லிவிட்டு, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்த அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, ஒரு வாய் உக்காந்து தின்னா உன் சொத்து போயிடுமா? பாதி டீ அங்க, பாதி தட்டு இங்க. உனக்குப் பின்னாடி டம்ளர் பொறுக்கறதுக்கே எனக்கு இந்த ஜென்மம் சரியாப் போச்சு. எல்லாம் உங்க அப்பா குடுத்த செல்லம். அன்னைக்கே நான் தலதலயா அடிச்சுக்கிட்டேன்…"

"ம்க்கும்."

"என்ன?" என்று அம்மா திரும்பினாள்.

பழக்கத்தில் திரும்பிவிட்டாள். அப்புறம்தான் அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு உறைத்தது. லேப்டாப் திறந்திருந்தது. அவள் கை வாய்க்குப் போனது. ஆனால் நகரவில்லை. அக்கா நடுக்கூடத்தில் தட்டோடு அப்படியே நின்றாள். அப்பா குனிந்து, இரண்டு விரலால், அவசரமே இல்லாமல் அடித்தார். ஒழுகுகிற குழாயின் சொட்டு மட்டும் கேட்டது. நாங்கள் எல்லாரும் நின்றோம். என்டர்.

"டீல சக்கரை இல்ல. நேத்தும் இல்ல. முந்தாநாளும் இல்ல. நானும் எத்தனை நாளைக்குத்தான் நல்லவனாவே நடிக்கிறது?"

ஏலம் போடுகிற வேகத்தில் பேசும்படி அக்கா செய்து வைத்திருந்தாள். பட்டாசு மாதிரி வந்து விழுந்தது.

"என்னது?" என்றாள் அம்மா. முகம் சிவந்துவிட்டது. "வாய் வந்ததும் வராததுமா என் டீயையா குறை சொல்றீங்க? இல்லன்னா அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? சிலேட்டு இருக்குல்ல? ஊமைக்கோட்டான் மாதிரி மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டு, இப்ப என்னைக் கொடுமைக்காரி ஆக்கறீங்களா?" கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. சர்க்கரை விலை, அப்பாவின் நாக்கு, அப்பாவின் மொத்தப் பரம்பரையின் நாக்கு என்று போய்க்கொண்டே இருந்தாள். நடுநடுவே ம்க்கும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் நின்றாள், வாங்கிக்கட்டிக்கொண்டாள், மறுபடி ஆரம்பித்தாள். எங்கள் வீடு எங்கள் வீடாக இருந்தது. 

அக்காவைப் பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சூடாக.

கடைசியில் அம்மா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குக் கிளம்பினாள்.

"ம்க்கும்."

வாசற்படியில் அப்படியே நின்றாள். திரும்பவில்லை. அப்பாவும் அடிக்கவில்லை. அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லித் தொலைங்க. நிக்கறேன்ல" என்றாள் அம்மா.

அப்பா மெதுவாக அடித்தார்.

"ஒண்ணுமில்ல. நிக்கறியான்னு பாத்தேன்."

அம்மா உள்ளே போனாள். சர்க்கரை டப்பாவோடு வந்து, அதை அவர் முன்னால் ணங்கென்று வைத்துவிட்டு, அங்கேயே நின்றாள்.